தட்டு எறியாதவர் வரைந்த நாற்பத்தோரு படங்கள்

கொளஞ்சியப்பனுக்கு வயது ஐம்பத்துமூன்று. கடலூர் மஞ்சக்குப்பத்தில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். இருபத்தாறு வருடமாக ஊர் ஊராக நிலப்படம் வரைந்து தள்ளியிருக்கிறார். அந்த ஊர்களில் பாதிக்கு மேல் அவர் கால் வைத்ததே கிடையாது. சர்வேயர் வெயிலில் காய்ந்து, முள்ளில் மாட்டி, அளந்து குறிப்பெடுத்து வருவார். இவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கோடு போடுவார். ஒரு தடவை சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஏரிக்கரை ஒன்றை இவர் வளைத்துப் போட்டிருந்த அழகைப் பார்த்துவிட்டு, "நேர்ல பாத்த மாதிரியே இருக்குய்யா" என்று மேலதிகாரி மெச்சினார். மனிதர் கெட்டது அந்த வார்த்தையில்தான். பார்க்காமலே பார்த்த மாதிரி செய்ய முடிகிறபோது வெயிலில் எவன் போவான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

போன வருடம் சர்க்கரை வந்தது. தினமும் நாற்பது நிமிடம் நடக்கச் சொன்னார் டாக்டர். புது ஷூ வாங்கி, மஞ்சக்குப்பம் மைதானத்தில் முதல் நாள் ஒரு சுற்று நடந்தார். மறுநாள் அரைச் சுற்று. மூன்றாம் நாள், சிலர் பிளாஸ்டிக் தட்டு வீசி விளையாடுவதைக் கண்டு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். நடைப்பயிற்சி அத்தோடு முற்றுப்பெற்றது.

"ஏங்க, நடக்கத்தான் போறீங்களா, இல்ல உக்காந்துட்டு வரப் போறீங்களா?" என்று மனைவி ஜெயராணி தினமும் கேட்பாள். ஷூவின் அடிப்பக்கம் புதுசு மாறாமல் இருப்பதை அவள் கவனித்திருந்தாள்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் டிஸ்க் கோல்ஃப். இரும்புக் கம்பத்தில் ஒரு கூடை. கூடைக்கு மேல் சங்கிலிகள் தொங்கும். தூரத்திலிருந்து தட்டை வீச வேண்டும், விழுந்த இடத்துக்குப் போய் மறுபடி வீச வேண்டும், யார் குறைந்த வீச்சில் கூடைக்குள் போடுகிறாரோ அவருக்கு வெற்றி. தூரம் போவதற்கென்று இருக்கிற தட்டின் விளிம்பு ஒடுங்கலாக இருக்கும். பழகாத கையில் கண்ட பக்கம் ஓடும். கூடைக்குள் போடுவதற்கு பட்டர் என்று ஒரு வகைத் தட்டு. விளிம்பு தடிமன், வேகம் கம்மி, சொன்ன பேச்சைக் கேட்கும். அதனால் புதிதாக ஆடுகிறவர்கள் முதல் வீச்சுக்கும், கூடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வீச்சுக்கும்கூட அந்தப் பட்டரையே வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் எந்தப் பட்டர்? கடைசிவரை நேராகப் போவதா, முடிவில் பக்கவாட்டில் சாய்வதா, விளிம்புக்கு அடியில் வரப்பு மாதிரி மேடு உள்ளதா, இல்லாததா? அடேயப்பா, அதில் இருக்கிறது ஆயிரம் சண்டை.

கொளஞ்சியப்பன் செல்போனில் வெளிநாட்டுக்காரர்களின் படங்களைத் தோண்டியெடுத்தார். ஒவ்வொரு பட்டரும் காற்றில் எப்படிப் போகும் என்பதைத் தன் கையாலேயே அளவுகோல் போட்டு, மை வைத்து வரைந்தார். அதை ஒருநாள் பெஞ்சில் பார்த்தவன் இளவரசு. சிதம்பரத்தில் வங்கி ஊழியன், தட்டு ஆடுகிற குழுவுக்குத் தலைவன். "சார், நீங்க எங்கயோ இருக்க வேண்டிய ஆளு" என்று சொல்லி, படத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டான். அவ்வளவுதான். ஒன்று பத்தாகி, பத்து நாற்பத்தொன்று ஆனது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் எவன் தட்டு வாங்கினாலும் கொளஞ்சியப்பன் சாரைக் கேட்காமல் வாங்குவதில்லை. சாரும் கேட்ட மாத்திரத்தில் அருள்வாக்கு சொல்லிவிடுவார்.

சார் எறிந்திருக்கிறாரா? ஒரே ஒரு தடவை, மொட்டை மாடியில். தட்டு பின்னால் போய்த் துணிக்கொடியில் கிடந்த ஜெயராணியின் நைட்டிக்குள் சிக்கிக்கொண்டது. முன்னால் எறிகிற தட்டு பின்னால் எப்படிப் போகும் என்பதற்கு எந்த நாட்டுக்காரனும் படம் போட்டு வைக்கவில்லை. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். யாராவது எறிந்து காட்டச் சொன்னால் தோள்பட்டை வலி என்பார். எந்தத் தோள்பட்டை என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது.

இப்படி மானமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், ஒரு வியாழக்கிழமை மதியம் அலுவலக வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"சார், நான் கயல்விழி. ஊரு தாழங்குடா. சிதம்பரத்துல உடற்கல்வி படிக்கிறேன். உங்க குரூப்புலதான் இருக்கேன்."

"சொல்லும்மா."

"ஞாயித்துக்கெழம செலக்சன் சார். கோயமுத்தூர் போட்டிக்கு நாலு பேர எடுக்குறாங்க. ஒரே தட்ட வெச்சித்தான் எல்லா வீச்சும் வீசணும்னு ரூலு. எனக்குத் தோதா ஒரு பட்டர நீங்களே சொல்லுங்க."

"இப்ப எது வெச்சிருக்க?"

"நீங்க ஆறாவது படத்துல போட்டதுதான். எல்லாருக்கும் சரியாப் போவுது, எனக்கு மட்டும் வாய்க்கால்ல போய் விழுது. மூணு மாசமா எறங்கி எறங்கி எடுக்கிறேன் சார். கைய மாத்திப் பாத்துட்டேன், அப்பவும் வரல."

"கைய மாத்துனியா?"

"நான் இடக்கை சார். இளவரசு அண்ணன் குரூப்புல உங்கள கேட்டாரே. நீங்கதான் வலக்கைக்கு மாறச் சொல்லுங்கன்னு போட்டீங்க."

கொளஞ்சியப்பனுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். அன்றைக்கு அவர் வலது கையில் மெதுவடை இருந்தது. அந்த மகா பதிலை அவர் இடது கைக் கட்டைவிரலால் தட்டித்தான் அனுப்பியிருந்தார்.

"எங்கம்மாவும் சின்னதுலேர்ந்து அதத்தான் சொல்லுவாங்க," என்றாள் கயல்விழி. "பீச்சாங்கையால குடுக்காத, பீச்சாங்கையால வாங்காதன்னு. நீங்களும் சொன்னதும், சரி, நம்ம கையிலதான் கோளாறுன்னு நெனச்சிக்கிட்டேன். இந்தத் தடவயும் வரலன்னா வுட்டுடுறேன் சார்."

அவள் அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் அவரை அதிகமாகக் குத்தியது. சனிக்கிழமை தானே சிதம்பரம் வருவதாக வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்தில் குழு ஆடுகிற திடலுக்கு அவர் போனபோது இளவரசும் ஏழெட்டுப் பேரும் வரிசையாக நின்று வணக்கம் வைத்தார்கள். ஒருவன் நாற்காலி கொண்டுவந்தான். திடலின் வலது ஓரத்தில் வாய்க்கால், நடுவில் ஒரு புளியமரம், மரத்தைத் தாண்டிக் கூடை. கடல் காற்று கொஞ்சம் ஏறியிருந்தது. இளவரசின் பையிலிருந்து மூன்று வகைப் பட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, "பழைய கையிலயே வீசும்மா" என்றார்.

"வலக்கையில வீசட்டும் சார், அப்பத்தான் பழகும்," என்றான் இளவரசு.

"வீசட்டும்ப்பா, நான் பாக்கணும்."

விளிம்புக்கடியில் மேடு உள்ள பட்டர் அவள் விரலுக்குப் பெரிதாக இருந்தது. கையை விட்டு வழுக்கி முன்கூட்டியே போனது. கடைசிவரை நேராகப் போகிற பட்டர் காற்று ஏறியதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு மேலே போய், பொத்தென்று விழுந்தது. மூன்றாவது, அவளிடம் ஏற்கெனவே இருந்த அதே வகை, ஆறாம் படத்துப் பட்டர். கையில் ஒட்டினாற்போல உட்கார்ந்தது. காற்றுக்கு அசையவில்லை. படத்தில் சொன்னபடியே புளியமரத்துக்கு வலப்பக்கம் குறி வைத்தாள். இடப்பக்கம் சாய்ந்து கூடைக்கு வர வேண்டிய தட்டு, இன்னும் வலப்பக்கம் சாய்ந்து நேரே வாய்க்காலுக்குள் போனது. ஐந்து தடவை வீசினாள். ஐந்தும் வாய்க்கால். ஐந்தும் ஒரே இடத்தில்.

கைக்கோளாறு உள்ளவள் ஐந்தை ஒரே இடத்தில் எப்படிப் போடுவாள்? கொளஞ்சியப்பன் மடியில் டிரேசிங் தாளை வைத்து அவள் வீச்சைக் கோடாக இழுத்திருந்தார். அந்தக் கோட்டை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டிரேசிங் தாளைப் புரட்டி வைத்து ஒரு கிராமத்தையே இடம் வலமாக மாற்றி வரைந்தவர் அவர். கிழக்கே இருந்த குளம் மேற்கே போய்விட்டது. "கொளத்த எவன்யா தூக்கிட்டுப் போனது?" என்று தாசில்தார் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

தாளைப் புரட்டினார். கையோடு கொண்டுவந்திருந்த ஆறாம் படத்தின் மேல் வைத்தார். கோட்டின் மேல் கோடு அச்சாக உட்கார்ந்தது.

இன்னொன்றும் அப்போது ஞாபகம் வந்தது. அந்த வெளிநாட்டுப் படங்கள் எல்லாவற்றிலும் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இது வலக்கைக்காரர்களுக்கு. படத்தின் அழகைக் கெடுக்கிறது என்று அந்தக் குறிப்பை இவர் விட்டுவிட்டார். நாற்பத்தோரு படத்திலும் விட்டுவிட்டார்.

"ஏம்மா, மரத்துக்கு இடப்பக்கமா வீசு."

வீசினாள். தட்டு மரத்தைத் தாண்டி, முடிவில் வலப்பக்கம் மெல்லச் சாய்ந்து, கூடைக்கு ஐந்தடி தள்ளி வந்து படுத்தது. கயல்விழி தட்டைப் பார்க்கவில்லை. தன் இடது கையைப் பார்த்தாள்.

"குருட்டாம்போக்குல வந்திருக்கும்," என்றான் இளவரசு. "நாளைக்கு செலக்சன வெச்சிக்கிட்டு இது வேணாம் சார். படம் எப்பிடி தப்பாவும்? நீங்க ஒவ்வொண்ணையும் எறிஞ்சு பாத்துத்தான வரைஞ்சீங்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரியாதை மிஞ்சும், நாற்காலி மிஞ்சும். அந்தப் பெண் மட்டும் நாளைக்கு வலக்கையால் வீசித் தோற்று, தாழங்குடாவுக்கு பஸ் ஏறுவாள். அவர் வாய் பழக்கதோஷத்தில் "தோள்பட்ட..." என்றுகூட ஆரம்பித்துவிட்டது. அவருக்கே வெட்கமாக இருந்தது.

"நான் எறிஞ்சதே இல்லப்பா," என்றார்.

"இந்தப் பட்டரையா?"

"எதையுமே. ஒரு தடவ மாடியில எறிஞ்சேன், அது கொடியில மாட்டிக்கிச்சு. மத்ததெல்லாம் செல்போன்ல பாத்து வரைஞ்சது. அதெல்லாம் வலக்கைக்காரங்களுக்குன்னு அடியிலயே எழுதியிருந்துச்சு, நான்தான் வுட்டுட்டேன். இந்தப் பொண்ணு கையில ஒரு கோளாறும் இல்ல. கோளாறு எங்கிட்ட."

நாற்காலி கொண்டுவந்தவன் நாற்காலியைப் பார்த்தான். கயல்விழிதான் கிட்டே வந்து தட்டை நீட்டினாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அதற்கு மேல் சிரிப்பும் இருந்தது.

"மூணு மாசம் வாய்க்கால்ல எறங்கியிருக்கேன் சார். நீங்க ஒரு தடவ எறிங்க."

மறுக்க எந்தத் தோள்பட்டையும் மிச்சமில்லை. எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், செல்போனில் பார்த்திருந்தபடியே காலை வைத்து, இடுப்பைத் திருப்பி, வீசினார். தட்டு அவருக்குப் பின்னால் பறந்து போய் இளவரசின் பைக் கண்ணாடியைப் பேர்த்துக்கொண்டு விழுந்தது. திடலே சிரித்தது. இளவரசு மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். கயல்விழி ஓடிப்போய் அடி வைத்து அளந்துவிட்டு வந்தாள்.

மறுநாள் செலக்சனில் அவள் இடக்கையால் வீசி நாலாவதாக வந்தாள். நாலு பேரைத்தான் எடுத்தார்கள். தகவலைச் சொல்லும்போது போனில் அவள் போட்ட கூச்சலில் ஜெயராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை கயல்விழி அலுவலகத்துக்கு வந்தாள். கொளஞ்சியப்பன் ஆறாம் படத்தை இடக்கைக்குப் புரட்டிப் புதிதாக வரைந்து வைத்திருந்தார். விட்டுப்போன குறிப்பை இந்தத் தடவை கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். கீழ் மூலையில் அலுவலகப் படங்களில் இருப்பது போலவே ஒரு கட்டம்: வரைந்தவர், சரிபார்த்தவர். சரிபார்த்தவர் கையெழுத்து இல்லாத படம் அந்த அலுவலகத்தில் செல்லாது. தட்டுப் படங்கள் நாற்பத்தொன்றிலும் அந்த இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். இதில் மட்டும் காலியாக விட்டிருந்தார்.

"போடும்மா," என்று பேனாவைக் கொடுத்தார்.

அவள் இடது கையால் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு, கேட்காமலே அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதினாள்: வரைந்தவரின் சொந்த வீச்சு பதினோரு மீட்டர், பின்பக்கம்.

கொளஞ்சியப்பன் படித்துப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது.

கயல்விழி அதே கையால் படத்தை அவரிடம் நீட்டினாள். நீட்டியவள் பாதியில் சட்டென்று நிறுத்தி, வலது கைக்கு மாற்றப் போனாள். மாற்றுவதற்குள் கொளஞ்சியப்பன் தன் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.