உப்புக் குளத்து வால்வு

தருமபுரியில் மஸ்தானைத் திருடன் என்று சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குழாய் வேலையில் அவரை மிஞ்ச அந்தக் காலத்தில் ஆள் கிடையாது.

ஊருக்கு வெளியே இருந்த தர்கா குளத்தின் அடியில் தண்ணீர் வடிய முதன்முதலாக வால்வு பொருத்தியது அவர்தான். பத்து வருஷம் உழைக்க வேண்டிய பித்தளை வால்வு ஆறே மாதத்தில் ஒழுகியது. மாற்றினார். அதுவும் ஆறு மாதம்தான். 1969 கோடையில் மூன்றாவதும் போய்க் குளம் பாதி வற்றியபோது, தர்காவை நிர்வகித்த முத்தவல்லி அப்துல் ரஷீத் ஜும்மா தொழுகை முடிந்து எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"காயலான் கடைப் பித்தளைய மாட்டி ஏமாத்திட்டியாப்பா?"

மஸ்தானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாளே மீதித் தண்ணீரையும் வடியவிட்டு வால்வைக் கழற்றினார். உள்தண்டு செம்பு நிறமாகி, நகம் பட்ட இடமெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. நாக்கில் வைத்தார். உப்பு கரித்தது. கட்டி, மரு வந்தவர்கள் வியாழன்தோறும் குளத்தில் கல்லுப்பு கொட்டுவார்கள். உப்பு கரைந்தால் நோயும் கரையும் என்று நம்பிக்கை. அந்த உப்புதான் வால்வைத் தின்றிருக்கிறது.

வீட்டுக்கு ஓடிவந்து மனைவி ஹாஜிராவிடம் சொன்னார். "நாளைக்கே முத்தவல்லிகிட்ட சொல்லி உப்பு கொட்டுறத நிறுத்தப் போறேன்."

"ஐயோ, வேணாங்க." மகள் ஜுபைதாவை இழுத்து முன்னால் நிறுத்தினாள். எந்த மருந்துக்கும் அசையாத கட்டி ஒன்று மகள் கழுத்தில் இருந்தது. "ஒம்பது வாரம் உப்பு கொட்டுறதா நேந்திருக்கேன். ஆறு ஆச்சு. கொறஞ்சிருக்குது, தொட்டுப் பாருங்க."

தொட்டார். குறைந்திருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் அவர் குளத்துக்குப் போனார். முத்தவல்லி சேலத்திலிருந்து சவுரியப்பன் என்ற ஃபிட்டரை வரவழைத்திருந்தார். உதிரும் தண்டைக் கையில் எடுத்ததுமே சவுரியப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மஸ்தான் அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, உப்புன்னு சொல்லிடாதீங்க. எம்பொண்ணுக்கு நேர்ச்ச இருக்குதுங்க. இன்னும் மூணு வாரந்தான்."

"உங்க பேரு கெட்டுப் போவுங்களே?"

"போவட்டுங்க."

சவுரியப்பன் தண்டைக் கீழே போட்டார். பிறகு முத்தவல்லி பக்கம் திரும்பி, "முன்னாடி மாட்டுனவன் மட்டமான சரக்கப் போட்டிருக்கானுங்க" என்றார்.

கூட்டம் மஸ்தானைப் பார்த்துக் காறித் துப்பாத குறை. அவமானத்தில் அவருக்கு அழுகை வந்தது. கூடவே நிம்மதியும் வந்ததுதான் கொடுமை. போகிற வழியில் கடையில் நின்று, அடுத்த வியாழனுக்கென்று ரெண்டு படி கல்லுப்பு வாங்கிக்கொண்டு போனார்.