இரண்டு பிறந்த ஆண்டு உள்ள கப்பல்

தொண்ணூறுகளின் நடுவில், பலேர்மோவில் நான் வீட்டுவேலை செய்த சின்யோரா, இறந்துபோன கணவர் சேர்த்துவைத்த கப்பல் கடதாசிகளை என்னிடம் தந்தார். தூசி தட்டாமல் நான் அவற்றை வாசித்துக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறார். வியாழன் பின்னேரங்கள் எனக்கு ஓய்வு. ஒரு மாரிகாலம் முழுக்க, அந்த ஓய்வில் ஒரு பழைய போர்க்கப்பலின் வாழ்க்கையை ஆண்டுவாரியாகக் கொப்பியில் எழுதினேன்.

பாய்க்கப்பலாகத்தான் அது கடலில் இறங்கியது. சில ஆண்டுகளில் நீராவியின் காலம் வந்துவிட்டது. கரையேற்றி, நடுவே அறுத்து நீட்டி, வயிற்றுக்குள் கொதிகலனை வைத்தார்கள். பீரங்கிகள் இருந்த இடத்தில் நிலக்கரி. பிறகு அது பாயிலும் சரியாக ஓடவில்லை, நீராவியிலும் ஓடவில்லை. கொடி மாறியது. பெரிய சண்டை எதையும் காணாமல் படையாட்களை ஏற்றி இறக்கியது. கடைசியில் பாய்மரங்களைப் பிடுங்கித் துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள். பிறகு பலகைக்காக உடைத்தார்கள்.

ஒரு பட்டியல் மட்டும், கொதிகலன் வைத்து மறுபடி இறக்கிய ஆண்டையே அது பிறந்த ஆண்டாகக் காட்டியது. வெட்டித் திருத்தினேன். அதில் எனக்குப் பெரிய பெருமை.

அந்தப் பெருமையோடுதான் பெர்மெஸ்ஸோவை, இத்தாலியில் தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்கப் பொலிஸ் கந்தோருக்குப் போனேன். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தாள். அவளைக் கூப்பிட அந்த அனுமதி வேண்டும். அதில் இருந்ததோ, என்னை இத்தாலிக்கு அனுப்பிய ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போர்ட்டின் பிறந்த திகதி. கலியாணப் பத்திரத்தில் இருந்தது உண்மையான திகதி. எங்கள் ஆட்கள் இப்படியான நேரத்தில் கலியாணப் பத்திரத்தைத்தான் பொய்த் திகதிக்கு ஏற்ப மாற்றி எடுப்பார்கள். ஒரேத்தோ தெருவில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன், ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் கழுவுகிற மன்னார்க்காரன், முதல்நாளே எச்சரித்தான்.

"மச்சான், கப்பலுக்குச் சாதகம் எழுதினது காணும். அங்கை போய் வாயைத் திறந்திடாதை."

திறந்தேன். இந்தத் திகதி பிழை, திருத்தித் தாருங்கள் என்று கேட்டேன். அதிகாரி மரியாதையாகவே விசாரித்தார். எந்தப் பாஸ்போர்ட்டில் வந்தேன் என்பதையும் வரிசையாகச் சொன்னேன். அவர் பெர்மெஸ்ஸோவை மேசை லாச்சிக்குள் வைத்தார். அது திரும்பி வரவில்லை. மனைவியின் விண்ணப்பமும் அத்தோடு நின்றுபோனது.

தொலைபேசியில் சொன்னபோது அவள் அழவில்லை.

"நீங்கள் சொன்ன திகதி சரிதானே?"

"ஓம்."

"பிறகேன் என்னை விடுகினமில்லை?"