படகில் ஏறும் இடம்

கடல் என்னை ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. என்னை விழுத்தியது எங்கள் ஊர்ப் படகு ஜெட்டிதான். இதை நாலு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை.

கடலை ஒட்டிய களப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் என் மூத்த சகோதரி இருக்கிறாள். நான் ராத்தா என்று கூப்பிடுவேன். படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டுவிட்டு அவளால் இங்கே வர முடியாது. அதனால் மாதம் ஒருமுறை நான்தான் போவேன். நாலு வருஷத்துக்கு முன் ஒருநாள் அபாயாவும் கையில் பலகாரச் சட்டியுமாக ஏறப்போனவள், படகுக்கும் சீமெந்துப் படிக்கும் நடுவே இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். பலகாரம் மீனுக்குப் போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

அதற்குப் பிறகு ராத்தா கூப்பிடும்போதெல்லாம் காய்ச்சல், மழை, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் என்று ஏதாவது சொன்னேன். நான் ஆசிரியை. சாக்குச் சொல்வதைப் பிள்ளைகளிடம் நன்றாகவே படித்திருந்தேன்.

போன பெருநாளன்று ராத்தா போனில் கேட்டாள். "நான் ஏதாச்சும் தப்பாக் கதைச்சிட்டேனா புள்ள? இருந்தாச் சொல்லு. மனசுல வச்சிக்காத."

அவள் குரல் உடைந்திருந்தது. என் வெட்கத்தை மறைக்கப்போய் அவளை அழ வைத்திருக்கிறேன். போனை வைத்துவிட்டு நானும் அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது, அந்த ஜெட்டியின் மேல்.

சனிக்கிழமை காலை ஜெட்டிக்குப் போய், ஐஸ் கடையில் ஒரு கதிரை வாங்கிப் போட்டு உட்கார்ந்தேன். பரீட்சை மண்டபத்தில் பார்ப்பதுபோல ஒவ்வொருவரையும் பார்த்தேன். தீவிலிருந்து வந்தவர்கள் இறங்குமுன்பே இங்கிருப்பவர்கள் ஏறினார்கள். கடைசிப் படி பாசி பிடித்து வழுக்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததால் படகு ஓரிடத்தில் நிற்கவில்லை. ஓட்டுகிற தம்பி "டக்கெண்டு ஏறுங்க, டக்கெண்டு ஏறுங்க" என்று கத்தியபடி கையை நீட்டினார். ஆண்கள் அந்தக் கையைப் பிடித்து ஏறினார்கள். எங்கள் பெண்கள் அந்நிய ஆணின் கையைப் பிடிப்பார்களா? எல்லோரும் அதை விலக்கிவிட்டுப் படகின் விளிம்பைப் பிடித்தார்கள். பாரம் பட்டதும் விளிம்பு சாய்ந்தது. நானும் அப்படித்தான் விழுந்தேன்.

படகுத் தம்பியைக் கூப்பிட்டேன். "நீங்க நீட்டுற கைய எந்தப் பொம்பளையாச்சும் புடிச்சிருக்காளா?"

யோசித்தார். "இல்ல டீச்சர்."

"அப்ப என்னத்துக்கு நீட்டுறீங்க?"

"ஒரு மரியாதைக்கு."

நல்ல பிள்ளை. அவரை ஏச மனம் வரவில்லை. படி ஓரத்தில் பிடித்து ஏற ஒரு இரும்புக் குழாய் நட வேண்டும் என்றேன். பாசியைச் சுரண்டிவிட்டுப் பழைய டயர் துண்டு அடிக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் கயிறு கட்டி, எஞ்சினை நிறுத்தி, வந்தவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு ஒவ்வொருவராக ஏற்ற வேண்டும்.

"நிப்பாட்டினா இந்த எஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆகாதே டீச்சர்."

"அத எஞ்சினுக்கிட்ட சொல்லுங்க, எனக்கிட்ட இல்ல."

தலையைச் சொறிந்துகொண்டு போனார். ஆனால் இரண்டு வாரத்தில் குழாய் நின்றது, டயரும் அடித்திருந்தது. ராத்தாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, குழாயைப் பிடித்து யார் உதவியும் இல்லாமல் ஏறினேன். படகில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

பாதித் தூரம் போன பிறகுதான் உறைத்தது. ஏறுவதற்கு இவ்வளவு யோசித்த நான், இறங்குவதை யோசிக்கவே இல்லை. தீவில் ஜெட்டி கிடையாது. முழங்கால் தண்ணீரில் படகை நிறுத்துவார்கள், குதிக்க வேண்டும். முன்பு குதித்தவள்தான். அப்போது என் முழங்கால் சொன்னபடி கேட்டது.

படகு நின்றது. மற்றவர்கள் குதித்து நடந்தார்கள். நான் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பாத்து இறங்குங்க டீச்சர்" என்ற தம்பி, நீட்டிய கையைத் தானே பின்னால் இழுத்துக்கொண்டார்.

கரையில் நின்ற ராத்தா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றாமல், உடுப்பைத் தூக்காமல் தண்ணீருக்குள் நடந்து வந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இதுக்குத்தானா வராம இருந்தாய்?"

"ஓம்."

அவள் சிரிக்கவில்லை. என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இறக்கினாள். இறக்கிய பிறகும் விடவில்லை.

"பைத்தியக்காரி," என்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒவ்வொரு தரமும் தண்ணிக்குள்ள வந்து நிண்டிருப்பேனே."