அக்கா எழுதாத தேர்வு

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில் உதவித்தொகைத் தேர்வுக்குப் பிள்ளைகளைப் பழக்கும்போது, நேரமானி டிக் டிக்கென்றால் எனக்குப் பதினொரு வயதாகிவிடுகிறது.

அப்போது நாங்கள் இருந்த புறநகர் சார்செல் வீட்டுச் சமையலறையில், கறி கொதிக்கும் ஆவிக்கிடையே அக்கா இதே தேர்வுக்குப் பழகுவாள். முட்டை அவிக்கும் நேரமானியை அம்மா திருகிவைப்பார்.

தேர்வு நாளன்றே அம்மாவின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்க அரச அலுவலகத்துக்கு வரச்சொல்லியும் அழைப்பு வந்தது.

“அங்கை ஆர் பிள்ளை பிரெஞ்சு கதைக்கிறது?” என்றார் அம்மா.

“தம்பி கதைப்பான். பேச்சுப்போட்டியில கப் எடுத்தவரெல்லோ!” என்றாள் அக்கா.

அலுவலகக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்கும் அதிகாரியை நினைத்துப் பயந்தேன். “ஏலாது அக்கா, காய்ச்சல்” என்று பொய் சொன்னேன்.

அக்கா பேனாவை மூடிவிட்டு அம்மாவுடன் போனாள். அந்தத் தேர்வு பிறகு அவளுக்கு வாய்க்கவேயில்லை.

இன்று எந்த மேடையிலும் பேச்சில் என்னை மடக்க ஆளில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று அக்கா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், ஒரு பதிலையாவது இட்டுக்கட்டியிருப்பேன்.