ஐந்தரை பஸ்ஸும் நாலு மணி வாட்சும்

சுதந்திரம் வந்த புதிது. மலாக்காவில் ஓடிய பஸ்களின் மூக்கிலெல்லாம் குட்டிக் கொடி. ஆனால் முழுச் சுதந்திரம் கிடைத்தது எங்களுக்கு அல்ல, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குத்தான். மற்ற நாளில் இருட்டிய பிறகும் ஓடும் பஸ், ஞாயிறு மட்டும் ஐந்தரைக்கே கடைசி நடை போய்விடும். தோட்டத்துக்காரன் நல்ல சட்டை போட்டு வெளியே கிளம்புவது அந்த ஒரு நாள்தான். அன்றைக்குப் பார்த்து பஸ்ஸும் ஓய்வெடுக்க வேண்டும் என்று யோசித்தவன் நிச்சயம் பள்ளிக்கூடம் போனவன். என்னைப் போன்ற தற்குறிக்கு அவ்வளவு அறிவு வராது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆயர் குரோ பக்கத்துத் தோட்டத்திலிருந்து நானும் என் அக்காவும் டவுனில் இருக்கும் காஜா பேராங்குக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை நான்தான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவனை டவுன்காரர்கள் மதிக்க வேண்டுமே என்று, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் ஒரு வாட்ச் இரவல் வாங்கிக் கட்டியிருந்தேன். அது ஓடாது, நாலு மணியிலேயே நின்றுவிட்டது என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். எனக்கு நஷ்டமில்லை. ஓடினாலும் எனக்கு மணி பார்க்கத் தெரியாது. தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தண்டவாளத்தைத் தட்டுவார்கள், எழுந்து ஓடுவோம். அதற்கு மேல் மணி எதற்கு?

அக்கா வழியெல்லாம் பாடம் நடத்தினாள். புக்கிட் ரம்பாயில் இன்னொரு பெண் இருக்கிறாள், அவள் அப்பா சைக்கிள் தருவார். அதனால் இங்கே கோப்பி, பலகாரத்தோடு எழுந்துவிட வேண்டும். பெண் வீட்டில் சோறு தின்று கை நனைத்தால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும்.

சைக்கிளை நினைத்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன். பெண் கோப்பித் தட்டோடு வந்து நின்றாள். சைக்கிள் மறந்துபோனது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாட்சைத்தான் உற்றுப் பார்த்தாள். நானும் பெருமையாகக் கையைக் கொஞ்சம் நீட்டியே வைத்தேன்.

அக்கா மணி கேட்டாள். நாலு என்றேன். பேச்சு வளர்ந்தது, மறுபடி கேட்டாள். அதையே சொன்னால் மானம் போய்விடும் என்று நாலேகால் என்றேன். மூன்றாம் தடவை தாராளமாக நாலரை.

கிளம்பும்போது, கடுதாசி போடுகிறோம் என்று அக்கா சொன்னாள். எங்கள் வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாது. பெண் வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம் அது. பெண்ணின் அப்பாவுக்கும் அது புரிந்தது, முகம் சுருங்கிப்போனது. எனக்கு அழுகையே வந்தது. ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசும் அளவுக்கு நான் இன்னும் சுதந்திரம் அடையவில்லை.

முச்சந்திக்கு வந்தால் பஸ்ஸைக் காணோம். அங்கே கச்சான் கடலை விற்றுக்கொண்டிருந்தவரிடம் அக்கா கேட்டாள்.

“கடைசி பஸ்ஸு போயி அரை மணி நேரமாச்சு தங்கச்சி. இன்னைக்கு ஞாயித்துக்கெழம லா.”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “இப்ப மணி என்னாடா?”

“நாலே முக்கால்” என்றேன். வேறு என்ன சொல்வது?

டவுனில் எங்களுக்குத் தெரிந்த வீடு பெண் வீடு ஒன்றுதான். அக்கா என்னைத் திட்டிக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் துள்ளாத குறையாக நடந்தேன்.

பெண்ணின் அம்மா எங்களைப் பார்த்ததுமே இலையைப் போட்டுவிட்டார். வீடெல்லாம் கோழிக்குழம்பு வாசனை. எங்களுக்குப் பசியே இல்லை என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் நான் கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் நான் காட்டிய வீரம் அவ்வளவுதான். அக்கா தொடையில் கிள்ளினாள். வலித்தது. சோற்றைப் பிசைந்தேன்.

குழம்பு ஊற்ற வந்த பெண் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். “வாட்ச் ஓடலன்னு கோப்பி குடுக்கறப்பவே பாத்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பஸ்ஸ புடிச்சிருப்பீங்க.”

அக்கா வேறு வழியில்லாமல் கை நனைத்தாள். வேறு வழியில்லாமலே இரண்டு தடவை சோறும் போட்டுக்கொண்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் போய் இறங்கியபோது பெரட்டு முடிந்திருந்தது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

பிறகு கல்யாணத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்தார்கள். ஐயர் ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

“வேற நாள் பாருங்க சாமி. ஞாயித்துக்கெழம பஸ்ஸு கெடைக்காது.”