எருமைக்கு விழுந்த ஓட்டு

1937ஆம் ஆண்டு மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தரை மணி. காற்றே இல்லை. பூந்தமல்லி டெண்டுக் கொட்டகையின் கூரைத் துணி அசையாமல் தொங்கியது. மேற்கே ஒரே ஒரு துண்டு மேகம். மழை வந்துவிட்டால் கூட்டம் வராதே என்று அதை ஏழெட்டு முறை அண்ணாந்து பார்த்துவிட்டேன். வாசலில் ஒரு பெஞ்சு, அதன் மேல் மூன்று மண்ணெண்ணெய் டின்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள். பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை என்பது வேறு கவலை.

நான் அப்போது கணக்கு வாத்தியார். குமணன்சாவடியில் போட்டோ கடை வைத்திருந்த நண்பனும் நானும் ஒரு காதல் படம் எடுப்பதென்று தீர்மானித்திருந்தோம். பதினேழு வயதுப் பையன், அதே வயதுப் பெண். புராணம் கிடையாது, ராஜா கிடையாது, தாடி வைத்த முனிவர் ஒருவர்கூடக் கிடையாது. பணம் போட திருமழிசையில் ஓர் அரிசி மில் முதலாளி இருந்தார். அவருடைய நிபந்தனை சுருக்கமானது.

"ஆரம்பத்த மட்டும் எடுத்துகினு வா வாத்யாரே. இதே கொட்டாயில போடுவோம். பொம்பளைங்க பக்கம் கை தட்டினாங்கன்னா மீதிக்கு நான் கீறேன். தட்டலன்னா நீ போயி பசங்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடு."

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சுருள் பிலிம். நாலு நிமிஷம் ஓடும். தப்பாக எடுத்துவிட்டு மறுபடி எடுக்க வழியில்லை. ஆகவே பையனும் பெண்ணும் முதல்முதலாக எப்படிச் சந்திக்க வேண்டும் என்று பார்க்க வருகிற ஜனங்களையே கேட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அதற்கு முந்தின மாதம்தான் தேர்தல் முடிந்திருந்தது. வாக்குச்சாவடியில் எனக்கு வேலை போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அங்கே கட்சிக்கொரு நிறமாகப் பெட்டி வைத்திருந்ததைப் பார்த்த மூளை இது.

டிக்கெட்டோடு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தோம். நண்பன் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு கூவினான்.

"செவப்பு டின்னு, தேர்த் திருவிழாக் கூட்டத்துல ரெண்டு பேரும் பாத்துக்குறாங்க! பச்ச டின்னு, அம்பத்தூரு ரயிலடியில அவ பொஸ்தகம் வுழுது, இவன் எடுத்துக் குடுக்குறான்! மஞ்ச டின்னு, எரும தொரத்துது, இவன் ஓடிப்போயி வேலியில மாட்டிக்கிறான், அவ சிரிக்கிறா!"

பச்சை என்னுடைய யோசனை. அதை நினைத்து நான் இரண்டு இரவு தூங்கவில்லை. எருமை, மூன்றாவது டின் காலியாக இருக்கிறதே என்று நண்பன் விளையாட்டாகச் சேர்த்தது.

கூட்டம் டின்களைப் பார்த்ததும் ஒரே குஷி. எங்கள் பக்கத்தில் நிலமும் வரி ரசீதும் வைத்திருந்தவர்களுக்குத்தான் ஓட்டு இருந்தது. தரை டிக்கெட்டுக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் தேர்தலை வேடிக்கை மட்டும் பார்த்தவர்கள். ஒரு வண்டிக்காரர் வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மணமேடைக்குப் போவதுபோல் பெஞ்சை நோக்கி நடந்தார்.

"வழி வுடு நைனா, ஓட்டுப் போடணும்."

"உனுக்கு இன்னா அண்ணாத்தே ஓட்டு? ஊட்டு மேல ஓலகூட இல்ல!"

"வாத்யாரு குட்த்துகீறாரு. பொறாமைல சாவாத."

கொட்டை மஞ்சள் டின்னில் 'டங்' என்று விழுந்தது. பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். நண்பனின் மனைவி டின்களைப் பெண்கள் பக்கம் எடுத்துப் போனாள். பெண்கள் பக்கத்தைப் பிரித்த மண்சுவருக்கு அந்தப் புறம் டங், டங் என்று ஆலங்கட்டி மழை பெய்தது.

விற்ற டிக்கெட் 284. டின்களில் இருந்த கொட்டை 301. மூன்று முறை எண்ணினேன். மஞ்சள் 270, பச்சை 19, சிவப்பு 12. பச்சையில் ஒன்று நான் போட்டது. அது போக அதிகப்படியாக இருந்த பதினாறு கொட்டை எங்கிருந்து வந்தது என்பது அன்று எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் இவ்வளவு தெளிவான விடை எந்தக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. ஜனங்கள் எருமை கேட்கிறார்கள்!

அடுத்த ஞாயிறு வெள்ளானூரில் ஓர் எருமையை வாடகைக்குப் பிடித்தோம். பெண்ணாக நடிக்க எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பவில்லை. நாடகத்தில் பெண் வேஷம் கட்டும் பையன் ஒருவனைச் சேலை கட்டிக் கூட்டி வந்தோம். நண்பன் காமிராக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். எருமை நின்றது. கதாநாயகன் அதன் முன்னால் ஓடிக் காட்டினான். அது அசை போட்டது. பாதிப் பிலிம் போய்விட்டதே என்று நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் மிரண்ட எருமை கதாநாயகனை விட்டுவிட்டுக் கதாநாயகியைத் துரத்தியது. அவன் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வேலியை ஒரே தாண்டாகத் தாண்டி, வயலில் போய் விழுந்தான். சிரிக்க வேண்டிய பெண் அம்மா அம்மா என்று அலற, ஓட வேண்டிய பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிலிம் தீர்ந்தது.

கழுவிப் பிரதி எடுத்துக் கொட்டகையில் போட்டபோது இன்னொன்றும் நடந்தது. நாங்கள் மெதுவாகச் சுற்றி எடுத்ததைப் பேசும்பட மெஷின் அதன் வேகத்தில் ஓட்டியது. எருமை பறந்தது. கதாநாயகி அதைவிட வேகமாகப் பறந்தாள். கொட்டகை அதிர்ந்தது. பெண்கள் பக்கம் கை தட்டலில் மண்சுவர் இடிந்துவிடும் என்று பயந்தேன். பயந்துகொண்டே நானும் சிரித்தேன். மில் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தட்டிட்டாங்க வாத்யாரே. ஆனா இதுல காதல் எங்க கீது?"

"ஜனங்க கேட்டது இதுதாங்க. 270 பேர் எருமைக்குப் போட்டாங்க," என்றேன் பெருமையாக.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "எருமைக்கு யாருபா போட்டா? தேர்தல்ல மஞ்சப் பொட்டி, மஞ்சப் பொட்டின்னு ஊரே கூவிச்சி. நமக்கும் ஒரு தபா கெட்சுதேன்னு போட்டோம். நான் ரெண்டு போட்டேன்!"

"நானு மூணு!" என்றது இன்னொரு குரல்.

வாக்குச்சாவடியில் நாள் முழுக்க நின்று, ஜெயித்த கட்சியின் மஞ்சள் பெட்டி நிரம்பி வழிந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்படியும் டின்னுக்கு மஞ்சள் பூசினேன். முதலாளி சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து சரிந்தார்.

சொன்ன சொல் மாறவில்லை அவர். "பணம் போடறேன். ஆனா பையனும் வாணாம், பொண்ணும் வாணாம். எருமய வெச்சி முழுப் படம் எடு."

நானும் நண்பனும் குமணன்சாவடி வரை நடந்தோம். ரயிலடிப் புத்தகத்தை விட்டுவிட்டு எருமையோடு பத்தாயிரம் அடி பிலிம் எடுப்பதா என்று ஒருவன் கேட்பான். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும். ஆறு இடத்தில் உட்கார்ந்து சிரித்தோம். மறுநாள் மில்லுக்குப் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.

பிலிம், கழுவுகூலி, டின், பெயின்ட், கிழிந்த சேலை, ஓடிய அதிர்ச்சியில் எருமை இரண்டு நாள் பால் கறக்காததற்கு ஈடு, எல்லாம் சேர்த்து என் பங்குக்கு ஐம்பத்து மூன்று ரூபாய், பதினோரு அணா, நாலு பை.