கருந்துளைக்கு ஒரு சைக்கிள் டியூப்

விஜயம் டீச்சருக்குத் தோற்பது பிடிக்காது, கேரம் போர்டில்கூட. ஐந்து வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் தென்காசிக்குத் திரும்பிய அன்றே உட்காரவைத்து இரண்டு ஆட்டம் ஜெயித்தார். கடையத்துக்காரர். குற்றாலத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறார்.

நான் ஊரைவிட்டுப் புறப்படுவதற்குச் சற்று முன், 1983-இல் சாரல் பெய்த ஒரு மாலை, அவர் தென்காசி வாசகர் மன்றத்தில் பேசினார். அதுவரை அங்கே பட்டிமன்றம்தான். செயலாளரிடம் சண்டை போட்டு வாங்கிய வாய்ப்பு அது. பாதியில் ஆட்கள் எழுந்து போனால் இனி அறிவியலே கிடையாது என்று செயலாளர் சொல்லியிருந்தார்.

கருந்துளையைச் சுற்றி வாயு ஒரு தட்டுபோலச் சுழல்கிறது, சுழன்றபடியே உள்ளே விழுகிறது என்று டீச்சர் தொடங்கினார். வக்கீல் நாறும்பூநாதன் எழுந்தார்.

“நிலாவும்தான் சுத்துது, விழுதா? உங்க வாயு மட்டும் ஏன் விழுது? ஒண்ணோட ஒண்ணு உரசியா?”

“அந்த உரசல் பத்தாது அண்ணாச்சி. அதை நம்பினா, வாயு உள்ள விழப் பிரபஞ்சத்தோட வயசே போதாது.”

“பொறவு?”

பின்வரிசையில் இரண்டு பேர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு, மன்றத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கும், பேச்சுக் கேட்க வந்திருந்த சிவசைலத்திடம் ஒரு பழைய டியூப் கேட்டார். அதை அறுத்து நீளமாக்கி, ஒரு நுனியைச் சிவசைலத்தின் இடுப்பிலும் மறு நுனியை வக்கீலின் இடுப்பிலும் கட்டச் சொன்னார். நடுவில் இழுத்துப்போட்ட மேசைதான் கருந்துளை. அதைச் சுற்றிச் சிவசைலம் உள்வட்டத்தில் வேகமாக நடக்க வேண்டும், வக்கீல் வெளிவட்டத்தில் மெதுவாக.

“தட்டு முழுக்க ஊடுருவி நிக்கிற காந்தப்புலம் இந்த டியூப். பின்னால இழுபட்டா கருந்துளையோட ஈர்ப்பு ஜெயிக்கும், உள்ள நகரணும்; கிட்டப் போகப் போக வேகம் கூடும், இன்னும் வேகமா நடக்கணும். முன்னால இழுபட்டா வெளிய போகணும்.”

“எங்க கல்யாணத்துலகூட என்னை இப்படிக் கட்டல,” என்றார் வக்கீல்.

சிவசைலம் முந்தினார். டியூப் விறைத்து அவரைப் பின்னுக்கு இழுத்தது, வக்கீலை முன்னுக்கு இழுத்தது. சிவசைலம் உள்ளே நகர்ந்து வேகமெடுத்தார், வக்கீல் வெளியே போனார். டியூப் இன்னும் விறைத்தது.

“ஏலே, மெல்லப் போலே!”

“நான் என்னவே செய்ய? டீச்சர் போட்ட விதி!”

சிவசைலம் மேசைமேல் போய் விழுந்தார். வக்கீல் சுவரில் முட்டினார். குடைக்காரர்கள் கதவருகே நின்றுவிட்டார்கள்.

“இப்படித்தான் விழும்,” என்றார் டீச்சர். “காந்தம்தான் காரணம்னு பல பேர் சந்தேகப்படுதாங்க. யாரும் இன்னும் நிரூபிக்கல. எனக்குச் சந்தேகமே இல்ல.”

“ரெண்டு பேருக்கே இந்தப் பாடு. கோடி பேரைக் கட்டினா?” முழங்காலைத் தடவியபடி வக்கீல் கேட்டார்.

“ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி ஒரே கொந்தளிப்பு. தட்டுக்குள்ள நடக்கதும் அதுதான்.”

செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டினார். “சிவசைலம், கடையில இன்னும் எத்தன டியூப் கெடக்கு?”

குடைக்காரர்கள் இருவரும் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். அந்தக் கூச்சலில் டீச்சர் கரும்பலகையைத் துடைத்து, அடுத்த மாதப் பேச்சின் தேதியைத் தானே எழுதினார்.